ஸ்டோடார்ட் வீட்டுக் குறட்டை

டன்பரோ ஊரில் ஸ்டோடார்ட் வீட்டு மாடியின் முன்னறையில், யாரும் படுத்திராத கட்டிலிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்குக் குறட்டை தொடங்கி நான்கு மணிக்கு நிற்கும். நாடு விடுதலை பெற்ற புரட்சிப் போர்க் காலத்திலிருந்தே இப்படித்தான். கோடையில் சற்று மெல்லியதாகவும் பனிக்காலத்தில் சற்றுக் கனமாகவும் இருக்கும். அந்த நேரத்தில் மெத்தையில் ஒரு பள்ளம் விழும். நான்கு மணிக்குப் பிறகு மெல்ல நிமிர்ந்துகொள்ளும். குறட்டை ஜெனரலுடையது. எந்த ஜெனரல் என்று கேட்பவர் வெளியூர்க்காரர். அவரை நுழைவுச்சீட்டு வாங்கச் சொல்வோம். குதிரையில் வந்த ஜெனரல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வீட்டில் கண்ணயர்ந்தார், எழுந்து ஆற்றைக் கடந்து போய்ப் போரை ஜெயித்தார், தூக்கத்தை மட்டும் எங்களிடம் விட்டுச் சென்றார் என்பது வரலாறு. எங்கள் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் தூங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் வீடுகள் ஏராளம். அத்தனையிலும் தூங்கியிருந்தால் போர் செய்ய அவருக்கு நேரமே கிடைத்திருக்காது. ஆனால் மற்ற ஊர்களிடம் பித்தளைப் பலகை மட்டும்தான் இருக்கிறது. எங்களிடம் சத்தமே இருக்கிறது.

சின்னச் சின்னச் சந்தேகங்கள் இல்லாமல் இல்லை. மெத்தையில் விழும் பள்ளம் ஐந்தடி நீளம். ஜெனரலோ ஆறடியைத் தாண்டியவர். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கித்தான் படுப்பார்கள் என்று எங்கள் ஊர்ப் பாரம்பரியக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அக்கரையிலிருக்கும் கில்மன்ஃபீல்ட் ஊரார், அதே நாள் மதியம் மூன்று மணிக்கு ஜெனரல் தங்கள் ஊரில் பஞ்சு நாற்காலியில் உட்கார்ந்து பழ மது அருந்தினார் என்று ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். கில்மன்ஃபீல்ட் கடிகாரம் எப்போதும் வேகமாக ஓடும் என்பது எங்கள் பதில். இந்தப் பதிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்.

பாரம்பரியக் குழுவின் தலைவர் ப்ரெஸ்டன் லூமிஸ். காப்பீட்டு நிறுவனத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். வெள்ளத்திலிருந்தும் தீயிலிருந்தும் வீடுகளைக் காப்பது போலவே, கடந்த காலத்தைத் தகவல்களிலிருந்து காக்க வேண்டும் என்று நம்புகிறவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஜெனரல் காலத்து முக்கோணத் தொப்பி அணிந்துதான் மளிகைக் கடைக்கே போகிறார். குழுவின் விதி எளிமையானது. சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் எதையும் அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது. முன்சுவருக்கு அனுமதிக்கப்பட்ட நிறங்கள் எல்லாமே ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சியின் வெவ்வேறு நிலைகள். சாலையிலிருந்து தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆகவே எங்கள் ஊர் முன்னாலிருந்து பார்த்தால் பதினெட்டாம் நூற்றாண்டு. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால் நீச்சல்குளம், இறைச்சி வாட்டும் அடுப்பு, ஊதிப் பெருக்கிய பிளாஸ்டிக் டைனோசர். மனிதர்களையும் ஏறக்குறைய இந்த விதிப்படியே கட்டியிருக்கிறோம்.

குறட்டை விடும் வீட்டுக்கு இப்போது ஒரே ஆள்தான் இருக்கிறாள். வினிஃப்ரெட் ஸ்டோடார்ட், ரோட் ஐலண்டின் ஓர் ஆலை ஊரிலிருந்து மருமகளாக வந்தவள். பல் மருத்துவரிடம் பற்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தாள். முப்பது வருடமாக ஊரின் வாய்களுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்திருந்தும், அவளைப் புதிதாக வந்தவள் என்றுதான் ஊர் சொல்லும். கணவன் கிளேட்டன் நல்லவன். நல்லவனாக இருப்பதைத் தவிர வேறெதையும் செய்ததில்லை. மாமியார் படுக்கையில் விழுந்த ஆறு வருடமும் தலைமாட்டில் ஒரு கயிறு தொங்கியது. அதை இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி அசைந்து, பின்பக்கச் சமையலறையில் இரும்பு மணி அடிக்கும். வீடு கட்டிய காலத்து மணி. கூடத்திலும் அதற்கு ஒரு கயிறு உண்டு. மணி அடித்ததும் வினிஃப்ரெட் ஓடுவாள். ஓடும்போது தன் காலடிக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்கும். பழைய வீடு, எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மதியத்தில் மாமியார் மணி அடித்தால் மாடியில் குறட்டையும் நின்றுவிடும். நோயாளியை மதித்து ஜெனரல் அமைதி காக்கிறார் என்று கிளேட்டன் சொல்வான். மாமியார் போன பிறகு, கிளேட்டனும் யாருக்கும் தொந்தரவு தராமல் ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் அந்தக் கயிற்றை இழுக்க ஆள் இல்லை. அந்த வருடங்களில் தனக்கு ஏன் இவ்வளவு களைப்பு என்று வினிஃப்ரெட் தன்னையே கேட்டுக்கொண்டாள். யாரும் கூப்பிடாத வீட்டில், கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

நாட்டின் இருநூற்று ஐம்பதாவது சுதந்திர ஆண்டு விழா நெருங்கியது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் மதியம் லூமிஸ் தொப்பியோடு வந்து கூடத்தில் நின்றார்.

“வினிஃப்ரெட், இந்தக் கயிறு இன்னும் வேலை செய்யுதா?”

“எதுக்கு கேக்குறீங்க, மிஸ்டர் லூமிஸ்?”

“விழாவன்னிக்கு ஊர்ல இருக்கிற எல்லா மணியையும் ஒரே நேரத்துல அடிக்கிறோம். சர்ச் மணி, பள்ளிக்கூட மணி, பீரங்கி எல்லாம். கடைசியா உங்க வீட்டு மணி. ஜெனரலை எழுப்பிடுறோம். மனுஷன் எழுந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசிட்டார்னு வைங்க, கில்மன்ஃபீல்ட்காரன் கல்லைப் பிடுங்கித் தலையில வச்சுட்டு ஓடுவான்.”

“தூக்கத்தைக் கெடுத்ததுக்குத் திட்டினார்னா?”

“திட்ட மாட்டார். நல்ல குடும்பம்.”

அவருக்குக் காபி ஊற்ற வினிஃப்ரெட் சமையலறைக்குப் போனாள். அப்போதுதான் லூமிஸ் சோதித்துப் பார்க்கும் எண்ணத்தில் கூடத்துக் கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. மாடியில் குறட்டை கத்தரித்தது போல் நின்றது. பின்படிக்கட்டில், வேலைக்காரர்களுக்கென்று கட்டிய குறுகலான படிக்கட்டில், வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கின. முனகும் படி எதுவென்று தெரிந்து அதைத் தாண்டிக் குதித்தன. சமையலறைக்குள் வந்து மணிக்குக் கீழே நின்றன. அங்கே தரைப்பலகையில் இரண்டு பாதம் அளவுக்கு ஒரு தேய்மானம் உண்டு. ஆறு வருடம் மணி அடிக்கும்போதெல்லாம் வினிஃப்ரெட் நின்ற இடமும் அதுதான். ஸ்டோடார்ட் குடும்பத்துப் பெண்கள் நின்று நின்று தேய்ந்தது என்று எண்ணியிருந்தாள். ஸ்டோடார்ட் குடும்பத்துப் பெண்கள் சமையலறைக்கு வந்ததே இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் ஒருத்தி மூச்சிரைக்க நிற்பது தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்காமல், சொல்லட்டும் என்று நிற்கும் மூச்சு.

“கேட்டுச்சா?” என்று கூடத்திலிருந்து லூமிஸ் கத்தினார்.

“கேட்டுச்சு” என்றாள் வினிஃப்ரெட். பிறகு, காபிக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “ஒண்ணும் வேணாம். நீங்க போய்ப் படுங்க.”

மூச்சு அசையவில்லை. அந்தச் சமையலறையில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெகுநேரம் கழித்துக் கால்கள் திரும்பின. இந்த முறை ஒரு படியையும் தாண்டவில்லை. எல்லாப் படிகளும் முனகின.

லூமிஸ் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “குறட்டை நின்னுச்சு கவனிச்சீங்களா? மணி பிரமாதமா வேலை செய்யுது.”

“மிஸ்டர் லூமிஸ், அது ஜெனரல் இல்ல. மணி அடிச்சா ஒரு ஜெனரல் பின்படிக்கட்டுல வெறுங்காலோட ஓடி வருவாரா?”

லூமிஸ் தொப்பியைக் கழற்றி யோசித்தார். “பணிவு” என்றார். “பெரியவங்களோட பணிவு. இதை நாம வெளியில சொல்லணும். விழா முடிஞ்சதும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மணி அடிப்போம். ஓடி வர்றதைக் கேக்க பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

அன்று சாயங்காலம் வினிஃப்ரெட் காபிக் கெண்டியைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். நடந்திருக்கக் கூடியது அவளுக்கு ஒவ்வொன்றாகப் புலப்பட்டது. ஜெனரல் வந்தது உண்மை. படுத்ததும் உண்மையாக இருக்கலாம். இரண்டு மணிக்கு அவர் கிளம்பியதும் குடும்பம் முழுவதும் நாய்கள் உட்பட ஆற்றுத்துறை வரை வழியனுப்பப் போயிருக்கும். வீட்டில் மணிக்கு ஓடிவரும் அவள் மட்டும் இருந்திருப்பாள். அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அதில் அவள் தனியாக இருந்த முதல் மதியம். சூடு ஆறாத கட்டில். படுத்துவிட்டாள். நான்கு மணிக்கு அவர்கள் திரும்பி வந்து மணி அடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அடிமைகள் இருந்ததில்லை என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம், வேலைக்காரர்கள்தான் இருந்தார்கள். சம்பளம் வாங்காத, விட்டுப் போக முடியாத, உயிலில் குதிரைக்கும் வெள்ளிக் கரண்டிகளுக்கும் நடுவே எழுதிவைக்கப்பட்ட வேலைக்காரர்கள். கல்லறைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில், பெயரில்லாத சிறு கற்களுக்குக் கீழே இருக்கிறார்கள். அந்தப் பக்கம் சாலையிலிருந்து தெரியாது.

நானும் இப்படித்தானே ஓடினேன் என்று வினிஃப்ரெட்டுக்கு ஓர் எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதைப் பிடித்து நிறுத்தினாள். என் கார்ச் சாவி எப்போதும் என் கைப்பையில் இருந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆறு வருடமும் பின்னால் கேட்ட காலடியை எதிரொலி என்று நம்ப எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டில் ஓடுவது தான் மட்டும்தான் என்ற நினைப்பில் ஒரு பெருமை இருந்திருக்கிறது. அது போனபோது வலித்தது. வலித்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி கோனி பெல்லெக்ரினோ. ஊர்த் திடலின் மூலையில் டோனட் கடை வைத்திருப்பவள். அவளுடைய குடும்பம் வந்து நூறு வருடம்தான் ஆகிறது என்பதால் அவளும் புதிதாக வந்தவள். மறுநாள் கோனி வந்து, மணியை ஒரு தடவையும் அடிக்காமல், இரண்டு மணிக்குக் குறட்டையை மட்டும் கேட்டாள்.

“பொம்பளைதான்” என்றாள். “எங்க அத்தை இப்படித்தான் விடுவா. கடைசியில ஒரு சின்ன விசில். பேரு என்ன, வின்னி?”

“தெரியாது.”

“பாவம், நாமளே ஒண்ணு வச்சிடலாமே.”

“வேணாம். ஏற்கனவே ஒரு தடவை யாரோ அவங்க இஷ்டத்துக்கு வச்சிருப்பாங்க.”

கோனி தலையை ஆட்டினாள். பிறகு, “சனிக்கிழமைக்குச் சனிக்கிழமையாம். அந்த லூமிஸை அவன் பொண்டாட்டி மணி அடிச்சுக் கூப்பிடணும், அப்பத் தெரியும்” என்றாள்.

எங்கள் ஊரில் எதையும் ஊர்க்கூட்டத்தில் வாக்குக்கு விடலாம். வினிஃப்ரெட் எழுந்து பேசியது, பனி தள்ளும் வண்டி வாங்குவதற்கும் நாய்களைக் கட்டிப்போடுவதற்கும் நடுவில் வந்த விஷயத்தில். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று, தூங்குவது யார் என்று சொன்னாள். அவளை ஓடவைக்க வேண்டாம் என்று கேட்டாள். ஒருவரும் கோபப்படவில்லை. எங்கள் ஊரார் கண்ணியமானவர்கள். ஜெனரல் விடுதியின் முதலாளி, விடுதிக்கு இனி என்ன பெயர் வைப்பது என்று மட்டும் வருத்தத்தோடு கேட்டார். நினைவுப்பொருளாகத் தலையணை விற்கும் பெண்மணி, தலையணைகள் ஆறடி ஆளுக்காகத் தைக்கப்பட்டவை என்றார். “அந்த அம்மா மேல எங்களுக்கு எவ்வளவோ மரியாதை இருக்கு. ஆனா இது சரியான நேரம் இல்ல” என்றார் லூமிஸ். சரியான நேரம் எதுவென்று யாரும் கேட்கவில்லை. கோனி எழுந்து, “என் கடைப் பையில எல்லாம் ஜெனரல் படம்தான் அச்சடிச்சிருக்கு, ரெண்டு வருஷத்துக்குத் தீராது. இருந்தாலும் நான் வின்னி பக்கம்” என்று வாக்குச் சீட்டை உயர்த்தினாள். உயர்ந்தவை அவளுடையதும் வினிஃப்ரெட்டுடையதுமாக இரண்டு சீட்டுகள்தான். தூங்குவது ஜெனரல் என்று பெரும்பான்மையில் முடிவானது. பிறகு நாய்களைப் பற்றிப் பேசினோம். அதுதான் உண்மையிலேயே சூடான விவாதம்.

மணிக் கம்பியைக் கழற்ற அனுமதி கேட்டு வினிஃப்ரெட் பாரம்பரியக் குழுவிடம் போனாள். அசல் இரும்பு, தொடக்கூடாது என்றார்கள். விழாவுக்கு முந்தைய நாள் கோனியும் அவளும் சமையலறையில் அந்த மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன்டி, இது எங்க இருக்கு?” என்றாள் கோனி.

“கண்ணு தெரியலையா? சமையலறையில.”

“சமையலறை வீட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

வினிஃப்ரெட் அவளைப் பார்த்தாள்.

“ரோட்டுல நின்னா இந்த மணி தெரியுமா, வின்னி? நல்லா யோசிச்சுச் சொல்லு. லூமிஸ் ஏணி போட்டு ஏறி நின்னாக்கூட?”

வினிஃப்ரெட்டுக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் இறந்த பிறகு அந்தச் சமையலறையில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. டோனட் இயந்திரத்துக்கு வைத்திருந்த திருப்புளியைக் கொண்டுவந்து கோனி நாற்காலி மேல் ஏறினாள். இருநூறு வருடத்துக்கு மேல் சுவரைக் கடித்துக்கொண்டிருந்த மணி, இழுத்த இழுப்பில் ஒரு பிடி சுண்ணாம்போடு வந்துவிட்டது. மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் துண்டில் சுற்றி, காரில் எடுத்துப்போய் ஆற்றில் போட்டார்கள். கில்மன்ஃபீல்ட் கரையோரமாகப் பார்த்துப் போட்டார்கள். அவர்களுக்கும் ஏதாவது வரலாறு கிடைக்கட்டும் என்று கோனி சொன்னாள்.

விழாவன்று ஊர் முழுவதும் ஸ்டோடார்ட் வீட்டு வாசலில் நின்றது. புல்லாங்குழலும் முரசும் வாசிப்பவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழே அணிவகுத்தார்கள். வினிஃப்ரெட் மட்டும் பின்படிக்கட்டின் அடியில் நின்றாள். தான் கழற்றியது ஒரு மணியைத்தானே, சர்ச் மணியும் பீரங்கியும் இருக்கின்றனவே என்று அவளுக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கால்கள் இறங்கினால், இத்தனை பேர் கைதட்டலுக்கு நடுவே மூச்சிரைக்க வந்து நின்றால், என்ன சொல்வது? இரண்டரைக்குச் சர்ச் மணி அடித்தது. பள்ளிக்கூட மணி அடித்தது. தீயணைப்பு வண்டி அலறியது. திடலில் பீரங்கி வெடித்ததில் அனுமதிக்கப்பட்ட நிறத்தில் இருந்த ஜன்னல்கள் இரண்டு உடைந்தன. குறட்டை ஒரு சுருதி கூட இறங்கவில்லை. அந்தச் சத்தம் எதுவும் மாடியில் தூங்குபவளைக் கூப்பிட்டதே இல்லை என்று வினிஃப்ரெட்டுக்கு அப்போது விளங்கியது. சர்ச் மணி மற்றவர்களை ஆண்டவரிடம் கூப்பிட்டது, பீரங்கி மற்றவர்களைச் சுதந்திரத்துக்குக் கூப்பிட்டது. அவளுக்கு இவற்றில் எதற்கும் எழுந்திருக்கும் பழக்கம் இல்லை.

கடைசியாக லூமிஸ் கூடத்துக் கயிற்றை இழுத்தார். கயிறும் கம்பியும் சேர்ந்து அவர் கையோடு வந்தன. ஒன்றும் ஒலிக்கவில்லை. மாடியில் குறட்டை, அதன் கடைசியில் ஒரு சின்ன விசில். லூமிஸ் வெகுநேரம் கம்பியைப் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. வாசலுக்குப் போய் ஒலிபெருக்கியில், எதிரியின் பீரங்கிக்கே கலங்காதவர் நம் பீரங்கிக்கா எழுந்திருப்பார் என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. அந்த வருடம் டோனட் விற்பனை அமோகம்.

அன்று நான்கு மணி ஆனபோது குறட்டை நிற்கவில்லை. கூட்டம் கலைந்தது, புல்லாங்குழல்காரர்கள் பெட்டிகளை மூடினார்கள், ஐந்து மணி ஆனது, ஊரே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது, நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. அதன் பிறகு நிற்கவே இல்லை. பாரம்பரியக் குழு வாசல் பலகையில் இருந்த நேரத்தை அழித்துவிட்டு, ஜெனரல் எல்லா நேரமும் ஓய்வெடுக்கிறார் என்று எழுதியது. பலகையைத் தாண்டிப் போகும்போது வினிஃப்ரெட்டுக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஊர்க்கூட்டம் நடக்கும் ஒவ்வொரு வருடமும் எழுந்து நின்று சொல்கிறாள், நாங்கள் கண்ணியமாகக் கேட்டுவிட்டு வாக்களிக்கிறோம். இப்போது ஐந்து சீட்டுகள் உயர்கின்றன.

ஜனவரியில் கடும் பனி விழுந்த வாரம், வினிஃப்ரெட் முன்னறைக்குள் போய், கட்டிலின் கால்மாட்டில் கனமான கம்பளிப் போர்வை ஒன்றை மடித்து வைத்துவிட்டு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தபோது அது தலைக்கு மேல் வரை இழுத்துப் போர்த்தப்பட்டிருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தனக்குக் காபி போட்டுக்கொள்ளக் கீழே இறங்கினாள்.